பல்லுக்குப் பின்னால் ஒரு கிளிப்

திருவண்ணாமலைக் கோவிலில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால், ஆயிரங்கால் மண்டபத்துக்கு அருகே கம்பத்து இளையனார் சந்நிதி. இன்னும் கொஞ்சம் நடந்தால் வல்லாள மகாராஜா கோபுரம். பதினைந்தாம் நூற்றாண்டில், வாழ்க்கை வெறுத்துப்போய் அந்தக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரியை முருகன் தாங்கிப் பிடித்தார், நாக்கில் வேலால் எழுதினார், ‘முத்து’ என்று முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. அப்படிப் பிறந்த முதல் திருப்புகழ் ஒரு பல்வரிசையில்தான் தொடங்குகிறது. முத்துக் கோத்த மாதிரி தெய்வானையின் சிரிப்பு. 1964இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உறைப்பதே இல்லை. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அந்த வேகம்தான் காதில் நிற்கிறது.

கோவிலில் வரிசைப்பல் தேவிக்கு, துருத்திய பல் காவலுக்கு. சந்நிதி வாசலில் நிற்கும் துவாரபாலகரின் வாயோரத்தைப் பாருங்கள், கோரைப்பல் எட்டிப் பார்க்கும். வீட்டுக்குள் வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ‘தெத்துப்பல்லு அதிர்ஷ்டம்டி’ என்பார் பாட்டி. அதே பாட்டி, பெண் பார்க்க வருகிற அன்றைக்கு, ‘ரொம்ப வாயைத் திறக்காதே’ என்றும் சொல்வார். கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் போட்டிருப்பது தெரியக்கூடாது என்ற ஆசைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நம்ம ஊரில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும்.

பல்லை நேராக்கும் முயற்சி பழசு. 1728இல் பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார் எழுதிய பல் மருத்துவ நூலிலேயே, குதிரை லாடம் போல வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறை இருக்கிறது. 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் இதைத் தனித்துறையாகவே ஆக்கினார். ஆனால் வெகுகாலம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டியாக வேண்டும். சிரித்தால் வாய் முழுக்க உலோகம்.

திருப்பம் 1955இல் வந்தது. பல்லின் எனாமலை அமிலத்தால் லேசாக அரித்துவிட்டால் பிசின் அதில் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்று மைக்கேல் புவனகோர் காட்டினார். அதற்குப் பிறகு வளையம் தேவையில்லை, பொட்டு மாதிரி ஒரு பிராக்கெட்டை ஒட்டினால் போதும் என்று மெல்ல மெல்ல ஆனது. சரி, ஒட்டத்தான் முடிகிறதே, முன்பக்கம்தான் ஒட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

1970களில் இந்தக் கேள்வியை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒருவர் கலிஃபோர்னியாவில் பெவர்லி ஹில்ஸைச் சேர்ந்த கிரேவன் குர்ட்ஸ். பிளேபாய் கிளப்பில் வேலை பார்த்த ஒரு பெண், வெளியே தெரியாமல் கிளிப் போட முடியுமா என்று கேட்டாராம். முகமே பிழைப்பு. குர்ட்ஸ் பிராக்கெட்டைப் பல்லின் உட்புறம் ஒட்டிப் பார்த்தார். கடிக்கும்போது கீழ்ப்பற்கள் மேல்பல்லின் பிராக்கெட்டில் இடித்து, அது பிய்ந்துகொண்டு வந்தது. நாக்கில் புண். பிறகு, கீழ்ப்பல் வந்து உட்கார்ந்து சறுக்கிப் போகும்படி பிராக்கெட்டிலேயே ஒரு சாய்தளத்தைச் சேர்த்தார். 1976இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆர்ம்கோ நிறுவனம் அதைத் தயாரித்தது.

இன்னொருவர் ஜப்பானில் கனகாவா பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கின்யா ஃபுஜிதா. அவர் கவலை அழகு இல்லை. தற்காப்புக் கலை பயில்பவர்கள் முகத்தில் அடி வாங்கினால், பல்லின் முன்னால் இருக்கும் உலோகம் உதட்டையும் கன்னத்தையும் கிழித்துவிடும். அதனால் அதைப் பின்னால் கொண்டுபோக நினைத்தார். உட்புறத்தில் கோரைப்பல்லுக்கும் அதை அடுத்த கடைவாய்ப்பல்லுக்கும் தடிமன் சட்டென்று மாறும். கம்பி அந்த இடத்தில் ஒரு படி இறங்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. அப்படி வளைத்த கம்பியை மேலிருந்து பார்த்தால் காளான் போல இருக்கும். ‘காளான் கம்பி’ என்றே அதற்குப் பெயர். 1979இல் அமெரிக்க ஆய்விதழில் அவர் கட்டுரை வந்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிளேபாய் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுவாரசியமான கதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால், உள்பக்கக் கிளிப் என்பது பெண்களின் வீண் ஆசைக்குச் செய்துகொடுத்த சாமான் என்று ஆகிவிடுகிறது. அடி வாங்கும் உதட்டுக்காகவும் அது பிறந்தது என்பது மறைந்துவிடுகிறது. இத்தனைக்கும் தெத்துப்பல்லை அழகென்று ரசிக்கும் ஊர் ஜப்பான். அதற்கு ‘யாஎபா’ என்று செல்லப்பெயரே உண்டு.

உதடு தப்பித்தது, மாட்டிக்கொண்டது நாக்கு. லிங்குவல் என்ற சொல்லுக்கே நாக்குப் பக்கம் என்றுதான் பொருள். அது யாருடைய இடம் என்று தொல்காப்பியர் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார். பிறப்பியலில் ஒவ்வொரு எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று பட்டா போட்ட மாதிரி குறித்திருக்கிறார். த, ந இரண்டும் மேல்பல்லின் அடியில் நாக்கு நுனி பரந்து தொடும்போது பிறப்பவை. ல, ள பிறக்கவும் நாவிளிம்பு பல்லடியைத் தொட வேண்டும். கிளிப் போட்டால் ழ வராதே என்றுதான் நம்மவர்கள் முதலில் பயப்படுவார்கள். சொல்லப்போனா ழகரத்துக்கு அவ்வளவு ஆபத்தில்லை. அது மேலே வளைந்து அண்ணத்தை வருடிப் பிறப்பது, பல் பக்கமே வராது. சிக்கல் த, ந, ல இவற்றுக்குத்தான். அந்த முதல் திருப்புகழை நினைத்துப் பாருங்கள், வரிக்கு வரி தகரம் முட்டி மோதும். பல்வரிசையைப் புகழும் பாட்டைப் பல்வரிசைக்காகக் கம்பி கட்டிய வாயால் பாடுவது கஷ்டம். சில வாரங்களில் நாக்கு புது வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கச்சேரிக்கோ வகுப்புக்கோ போக வேண்டியவர்களுக்கு அந்தச் சில வாரங்கள் நீளமானவை.

மருத்துவருக்கும் இது சுலபமில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, தலைகீழாக, நாக்கை ஒதுக்கி ஒதுக்கிக் கம்பி மாற்ற வேண்டும். அவசரமாகக் கற்றுக்கொண்டு செய்த பலருக்கு 1980களில் அமெரிக்காவில் கை சுட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் பல் நிறத்திலேயே செராமிக் பிராக்கெட் வந்ததும் உள்பக்கத்தைக் கைகழுவினார்கள். ஜெர்மனியின் டிர்க் வீஷ்மன், ஒவ்வொரு பல்லின் உட்புற மேடுபள்ளத்துக்கும் அளவெடுத்து, கம்ப்யூட்டரில் வடிவமைத்து, தங்கக் கலவையில் மெலிதாக வார்த்த பிறகுதான் அதற்கு மறுவாழ்வு. அதற்குள் 1997இல் தொடங்கிய அலைன் நிறுவனம் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறையோடு போட்டிக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் 1965இல் பல்சீரமைப்பு மருத்துவர்களுக்கென்று தனிச் சங்கமே உருவானது. ஆனாலும் உள்பக்கக் கிளிப் முன்பக்கக் கிளிப்பைவிடப் பல மடங்கு செலவு, தெரிந்த கையும் குறைவு. திருவண்ணாமலையிலிருந்து மாதா மாதம் சென்னைக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு டிக்கெட்டும் ஒரு நாள் சம்பளமும் சேர்த்துத்தான் கணக்கு. அதனால் பெரும்பாலானவர்கள் முன்பக்கமே போட்டுக்கொண்டு, கையால் வாயைப் பொத்திச் சிரித்து, ஒன்றரை இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

ஒருநாள் கிளிப்பைக் கழற்றுவார்கள். அன்றைக்கே, நேரான பல் மறுபடி பழைய இடத்துக்குப் போய்விடாமல் இருக்க, கீழ் முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். அது வருஷக்கணக்காக அங்கேயே இருக்கும். எதிரில் உட்கார்ந்து பேசுபவருக்குத் தெரியாது. நாக்குக்குத் தெரியும்.