எமர்சன் ரெனன்ற் கேட்ட வாவியோசை

விக்டோரியா மகாராணியார் காலத்தில், பயணத்தையும் மீன்பிடியையும் சுவைபட எழுதிய ஆங்கில எழுத்தாளர் பலர் இருந்தனர். அவர்களுள் நம் கீழ்க்கரையோடு தொடர்புற்றவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1804இல் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே விடுதலைப் போர் நிகழ்ந்த கிரேக்கத்துக்குச் சென்று, கண்டவற்றை 1826இல் நூலாக்கினார். பின்னர்ப் பாராளுமன்றம் புகுந்து, 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றினார். நாவலாசிரியர் டிக்கன்ஸ் தம் நாவலொன்றை இவருக்குக் காணிக்கையாக்கினார் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

1848 செப்டெம்பரில் இவர் மட்டக்களப்புக்கு வந்தார். தெற்கே நமது கிட்டங்கிவரை நீளும் அவ்வாவியில், நிலாக்காலத்தில் இன்னோசை எழுவதாகக் கேள்வியுற்று மீனவரை அழைத்து வினவினார். கோடையில் மட்டுமே அது கேட்கும் என்றும், மழைவெள்ளம் பெருகினால் அடங்கிவிடும் என்றும், தந்தையர் காலந்தொட்டே தாம் அதனை அறிவர் என்றும் அவர்கள் விடையிறுத்தனர். ஓசை எழுப்புவது மீனன்று, ஊரியே என்பதும் அவர்தம் துணிபு. நிலவெழுந்தபின் ஒல்லாந்தர் கோட்டைத் துறையிலிருந்து தோணியேறிய ரெனன்ற், பருத்தும் மெலிந்தும் ஒலித்த நுண்ணொலிகள் பலவற்றைத் தெளிவாகக் கேட்டார். தோணிப் பலகையிற் செவியை வைத்தபோது ஓசை மேலும் மிகுந்ததாம். 1859இல் வெளிவந்த 'இலங்கை' என்னும் நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். மீனவர் சொல்லை அவர் புறக்கணிக்கவில்லை. அவர்கள் பெயரைத்தான் குறிக்கவில்லை. அதிகாரிகள் பலரின் பெயர்கள் அந்நூலில் உண்டு.

நாமோ இன்றும் 'மீன்பாடும் தேனாடு' என்றே வழங்குகிறோம். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலில், அவ்விசையை நீரரமகளிர்க்கு உரியதாக்கினார். கவியுள்ளத்துக்கு அது பொருந்தும். மீனவரின் சான்றும் உடன்வைத்து எண்ணப்படல் வேண்டும்.

வற்றிய குளங்களின் களிமண்ணை வெட்டி மீனெடுக்கும் வழக்கத்தையும் ரெனன்ற் பதிவுசெய்தார். வெருகலாற்றுப் பக்கத்தில், 9 முதல் 12 அங்குல நீளமான மீன்கள் மண்கட்டியுள்ளிருந்து உயிரோடு துள்ளின என்று அதிகாரியொருவர் கூறியதை அவர் எடுத்தாள்கிறார். 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலிலும் இத்தகைய செய்திகள் மிகுதி.

ஆயினும் அந்தச் செப்டெம்பரை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. மாத்தளைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதமே கழிந்திருந்தது. கண்டியில் இராணுவச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. நிலவரியைப் பரிந்துரைத்த நிதியறிக்கையை முன்னர் எழுதியவரும் ரெனன்றே. பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் விசாரணையையடுத்து, 1850இல் தேசாதிபதி ரொறிங்ரனோடு இவரும் திருப்பியழைக்கப்பட்டார்.