சாம்பல் பூனையின் பூர்வீகம்

தெருவிலிருந்து மீட்ட பூனைக்குத் தத்து அறிவிப்பு எழுதுகிறவர்கள் வயது, பாலினம், போட்ட தடுப்பூசி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஓர் இனப்பெயரையும் சேர்த்துவிடுவார்கள். சாம்பல் நிறமென்றால் 'ரஷ்யன் ப்ளூ மிக்ஸ்'. உடல் வெளுத்து முகமும் காதும் வாலும் கருத்திருந்தால் 'சயாமீஸ் கிராஸ்'. ரோமம் நீளமாக இருந்தால் கேட்கவே வேண்டாம், 'பெர்சியன்'. ஏமாற்றும் எண்ணம் இதில் பெரும்பாலும் இல்லை. இனப்பெயர் இருந்தால் சீக்கிரம் வீடு கிடைக்கும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இந்த வழக்கத்துக்குள் ஒரு வரலாற்றுக் கதை இருக்கிறது: ஆதியில் தூய இனங்கள் இருந்தன, அவை வீட்டைவிட்டு வெளியேறித் தெருவில் கலந்தன, அந்தக் கலப்பில் பிறந்ததுதான் தெருப்பூனை என்ற கதை. நாய்க்கு இது ஓரளவு பொருந்தலாம். பூனைக்குப் பொருந்தாது. பூனையின் நிறங்களில் பெரும்பாலானவை களஞ்சியத்திலும் துறைமுகத்திலும் தெருவிலும் தோன்றியவை. அவற்றில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து இனம் என்று பெயரிட்டது ஏறத்தாழ 150 ஆண்டுக் கால வேலை.

வீட்டுப்பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை. இதை 2007-இல் கார்லோஸ் டிரிஸ்கல் குழுவினர் 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு நிறுவினார்கள். மனிதனோடு பூனை நெருங்கியதற்கான பழைய சான்று சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் கிடைத்தது. மனித எலும்புக்கூட்டின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. பழக்கியது மேற்காசியாவிலா எகிப்திலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது வேறு: அந்த மூதாதைக்கு இருந்தது மெல்லிய நெடுங்கோடுகள் கொண்ட வரித்தோல் மட்டுமே. நம் ஊர் மதில்மேல் திரியும் சாதாரண வரிப்பூனை அணிந்திருப்பது அந்த ஆதி உடையைத்தான். மற்ற எல்லா நிறமும் பிற்பாடு, ஒவ்வொன்றாக, தற்செயலான மரபணுப் பிழைகளால் வந்தது. விலாவில் கோடுகள் சுழன்று பெரிய சுருளாகத் தெரியும் பூனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எலும்புகளிலிருந்து மரபணு எடுத்து ஆராய்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, இந்தச் சுருள்வரி முதலில் தென்படுவது 14-ஆம் நூற்றாண்டில், ஒட்டோமன் துருக்கியர் ஆண்ட பகுதியில். அது எங்கும் பரவலானது 18-ஆம் நூற்றாண்டில்தான். பத்தாயிரம் ஆண்டு உறவில் இது நேற்றைய செய்தி. ஆனாலும் முதல் பூனைச் சங்கம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது.

இந்த நிறங்கள் எப்படிப் பயணித்தன என்று மரபணுச் சோதனை வருவதற்கு முன்பே சிலர் எண்ணிப் பார்த்தார்கள். ஏ.ஜி. சேர்ல் 1949-இல் லண்டன் பூனைகளின் நிறங்களைக் கணக்கெடுத்து, எந்த மரபணு எந்த விகிதத்தில் இருக்கிறது என்று காட்டினார். அந்த முறையைப் பல நாட்டு நகரங்களுக்கு விரித்து, 1977-இல் நீல் டாட் ஒரு கட்டுரை எழுதினார். வணிகக் கப்பல் போன வழியில்தான் பூனை நிறங்களும் போயிருக்கின்றன. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் உள்ள பூனைகள், குடியேற்றம் நடந்த காலத்துப் பிரிட்டிஷ் பூனைகளின் விகிதத்தையே இன்னும் காட்டுகின்றன என்பது அவர் வாதம். சுருள்வரியின் பிறப்பிடம் பிரிட்டன் என்ற அன்றைய ஊகத்தைப் பிற்கால மரபணுச் சான்று துருக்கிப் பக்கம் நகர்த்திவிட்டது. ஆனால் எலி பிடிக்கக் கப்பலேறிய பூனைகள் நிறத்தை ஊர் ஊராகக் கொண்டுபோயின என்ற மையக்கருத்து நிற்கிறது. இந்தக் கணக்கெடுப்புகள் நடந்தது தெருப்பூனைகளிடையே என்பதைக் கவனிக்க வேண்டும். இனங்களின் உதவி இல்லாமலே நிறத்தின் வரலாற்றை எழுத முடிந்தது.

ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில் இருப்பது மிகச் சிறிய மாற்றம். முழுக் கருப்பு, ஒரு மரபணுவில் இரண்டே எழுத்துகள் விடுபட்டதால் வருகிறது. சாம்பல் நிறத்துக்கு இன்னொரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டால் போதும். நிறமி ரோமத்தில் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகத் தங்க, கருப்பு சாம்பலாகவும் செம்மஞ்சள் வெளிறியும் தெரிகிறது. ரஷ்யன் ப்ளூவுக்கும் தாய்லாந்தின் கோராட்டுக்கும் பிரான்ஸின் ஷார்த்ரூவுக்கும் இருப்பது இதே ஒற்றை எழுத்துப் பிழைதான். உங்கள் தெருவின் சாம்பல் பூனைக்கு இருப்பதும் அதுவே. ஆகவே சாம்பல் நிறத்தை வைத்து ரஷ்யாவுக்குப் போவது வீண் பயணம். வெள்ளைத் திட்டுகள் வந்த விதம் இன்னும் விசித்திரமானது: எப்போதோ பூனையின் மூதாதையைத் தொற்றிய ஒரு வைரஸின் துண்டு, நிறமிச் செல்களை நடத்தும் மரபணுவுக்குள் போய் அமர்ந்துகொண்டதன் விளைவு அது. செம்மஞ்சள் நிறத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. பெண் பூனைக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒன்று உறங்கிவிடும். அதனால்தான் கருப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனைகள் அநேகமாக எல்லாமே பெண். அபூர்வமாக வரும் ஆண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும். ஆனால் மரபணு எது என்பது 2025 வரை பிடிபடவில்லை. அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு, கியூஷூ பல்கலைக்கழகக் குழுக்கள் தனித்தனியாக ஒரே விடையை வெளியிட்டன: அந்தக் குரோமோசோமில் ஏறத்தாழ 5,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. சோதித்த செம்மஞ்சள் பூனைகளில் அதே இழப்பு இருந்ததால், இது என்றோ ஒருமுறை மட்டும் நிகழ்ந்து உலகெங்கும் பரவியது என்றே கொள்ள வேண்டும். பரப்பியது எந்த வளர்ப்பாளரும் அல்ல.

இனங்கள் எப்போது வந்தன? 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஓவியர் ஹாரிசன் வியர் ஒரு பூனைக் காட்சி நடத்தினார். ஏறத்தாழ 170 பூனைகள் வந்தன. அங்கே போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் நிறம், ரோம நீளம், எடை ஆகியவற்றை வைத்தே அமைந்தன. வியர் 1889-இல் எழுதிய நூலிலும் பூனைகள் பெரும்பாலும் நிறவாரியாகத்தான் வருகின்றன. பதிவேடும் வம்சாவளிச் சான்றும் அந்த முதல் காட்சிக்குப் பின் வந்தவை: பிரிட்டனின் தேசியப் பூனைச் சங்கம் 1887-இல், அமெரிக்காவின் பெரிய சங்கம் 1906-இல். தெருவில் கண்ட நிறத்தை எடுத்து, அந்த நிறமுள்ளவற்றை மட்டும் இணைசேர்த்து, வெளி ரத்தத்துக்குக் கதவைச் சாத்தினால் இனம். சாத்திய கதவுக்கு வெளியே அதே நிறம் அப்படியே தொடர்ந்தது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. இங்கிலாந்துக்கு முன்பே சயாம் நாட்டில் பூனைகளை வகைபிரித்திருந்தார்களே. தம்ரா மேவ் என்ற சுவடிகளில் கருமுகப் பூனையும் சாம்பல் பூனையும் படத்தோடு இருக்கின்றனவே? உண்மை. ஆனால் அந்தச் சுவடிகள் சொல்வது எந்த நிறம் அதிர்ஷ்டம், எது கெடுதல் என்பது. நம் ஊரில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதற்கு நெருக்கமானது அது. மூடிய வம்சாவளி அல்ல. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ஆசியாவுக்கு வெளியே தெருவில் கருமுகக் குட்டி பிறந்தால் அதன் முன்னோரில் ஒரு சயாம் பூனை இருந்திருக்க வேண்டாமா? வேண்டும், அநேகமாக. வெப்பத்தில் வேலை செய்யாத நிறமி நொதிதான் அந்தக் கோலத்துக்குக் காரணம். தாயின் கதகதப்பில் இருந்து வெளுப்பாகவே பிறக்கும் குட்டிக்கு, உடம்பில் குளிர்ந்த நுனிகள் மட்டும் பிறகு கருக்கின்றன. இந்த மாற்றம் தென்கிழக்கு ஆசியாவில் தோன்றி, 19-ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதியான பூனைகளோடு மேற்கே போயிருக்கலாம். ஆனால் இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரண்டும் வெளியே தெரியாமல் அதைச் சுமந்தால் நாலில் ஒரு குட்டிக்கு அந்த முகம் வரும். பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒரே ஒரு பூனை போதும். மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களில் அதன் பங்கு மறைந்தே போயிருக்கும். ஒரு மரபணுவை வைத்து முழு உயிருக்கும் 'பாதி சயாமீஸ்' என்று பெயரிடுவது கணக்கில் உதைக்கிறது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜோசப் தாம்சன் 1930-இல் கொண்டுவந்த வாங் மாவ் என்ற பழுப்புப் பூனையின் கதையும் இதையே சொல்கிறது. அதைச் சயாமீஸோடு இணைத்தபோது குட்டிகள் வேறுபட்ட நிறங்களில் பிரிந்தன. வாங் மாவ் இரு வடிவங்களின் கலப்பு என்பது தெளிவானது. மிகக் கருத்த குட்டிகளிலிருந்து 'பர்மீஸ்' இனம் எழுந்தது.

இனப்பெயர்களே வரலாற்றை எவ்வளவு திரித்துச் சொல்லும் என்பதற்குப் பாரசீகப் பூனை போதும். 2008-இல் மோனிகா லிபின்ஸ்கி, லெஸ்லி லயன்ஸ் உள்ளிட்டோர் இனப்பூனைகளையும் பல நாட்டுத் தெருப்பூனைகளையும் ஒப்பிட்டபோது, பெர்சியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடு சேர்ந்து நின்றது. சிங்கப்பூரின் பெயர் தாங்கிய 'சிங்கப்பூரா' இன்னும் சுவாரசியம். சிங்கப்பூர்ச் சாக்கடைப் பூனைகள் என்று சொல்லி மெடோ தம்பதி 1975-இல் அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதே பூனைகள் 1974-இல் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குள் இறக்குமதியானதைக் காட்டும் காகிதங்கள் 1987-இல் வெளிப்பட்டன. மரபணுவிலும் அது பர்மீஸுக்கு மிக நெருக்கம். ஆனாலும் அமெரிக்கப் பூனைச் சங்கம் அந்த இனத்துக்குத் தந்த அங்கீகாரத்தை விலக்கவில்லை. சிங்கப்பூர்ச் சுற்றுலாத் துறை அதையே சின்னமாகவும் வைத்துக்கொண்டது. இலங்கைத் தெருப்பூனைகளை 1980-களில் இத்தாலிக்காரர்கள் கொண்டுபோய் 'சிலோன்' என்று இனமாக்கினார்கள். கொழும்பில் அதே தோலோடு மீன்கடை வாசலில் நிற்பது நாட்டுப்பூனை. மிலானில் அதன் உறவினருக்குச் சான்றிதழ்.

எச்சிலைத் துடைத்து அனுப்பினால் இன விகிதம் சொல்லும் சோதனைகள் வந்துவிட்டனவே என்பார்கள். அவை செய்வது ஒப்பீடு. உங்கள் பூனை இன்ன இனத்தின் மாதிரியோடு இவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே விடை. அந்த இனமே தெருப்பூனையிலிருந்து பிரிந்தது என்றால், ஒற்றுமை எந்தத் திசையில் ஓடியது என்பதை விகிதம் சொல்லாது. பேரன் தாத்தாவைப் போல இருப்பதைப் பார்த்து, தாத்தா பேரனின் வம்சம் என்று முடிவுகட்டுவது போல ஆகிவிடும். ஆனாலும் இனக்கலப்பு எங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் பெருநகரங்களில் கடையில் வாங்கிய பெர்சியன்களைக் கைவிடுகிறார்கள். அவை தெருவில் குட்டி போடவும் செய்கின்றன. அங்கே சான்று நீள ரோமம் அல்ல, ஏனென்றால் நீள ரோமத்துக்கு ஒரே மரபணுவில் குறைந்தது நான்கு வெவ்வேறு மாற்றங்கள் உண்டு, அவற்றில் ஒன்று பல இனங்களுக்கும் பொதுவானது. தட்டை முகம், குட்டைக் கால், அகன்ற மண்டை எல்லாம் ஒன்றாக வருவதே சான்று, ஏனென்றால் இந்த உருவம் பல மரபணுக்களின் கூட்டு. தற்செயலாகச் சேர்ந்து அமையாது. இங்கே வம்சம் தெரிவதால் பயனும் உண்டு. பெர்சியன்களிடையே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் பரவலாக இருக்கிறது. அந்த மரபணுப் பிழையை 2004-இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும்.

ஆகவே மீட்புப் பணி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டை முகப் பூனை கிடைத்தால் அதன் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அந்த முடிவைத் தத்தெடுப்பவரிடம் கொடுங்கள். மற்ற பூனைகளுக்கு நிறத்தையும் ரோமத்தையும் கண்டபடி எழுதிவிட்டு, இனம் என்ற கட்டத்தில் 'நாட்டுப்பூனை' என்று எழுதுங்கள்.