மோட்டார் வண்டி: எஞ்சின் ‘மிஸ்ஸிங்’கும் பழுதுக் குறியீடும்

பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்று வழங்கும் குறை, பெட்ரோல் எஞ்சினின் ஒரு ஸிலிண்டரிலோ பலவற்றிலோ எரிபொருளும் காற்றும் கலந்த கலவை உரிய தருணத்தில் தீப்பற்றாமலோ, பற்றியும் முற்றிலும் எரியாமலோ போவதாகும். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது உதறுவதும், மேட்டில் இழுவை குறைவதும், புகைக்குழாயில் பெட்ரோல் நெடி வீசுவதும் இதன் லட்சணங்கள். எஞ்சினைத் தானே கண்காணித்துப் பழுதைக் குறியீடாகப் பதிவு செய்யும் ஓபிடி-2 என்னும் ஏற்பாடு அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும், இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளிலும் கட்டாயமாயிற்று.

குறியீட்டின் பொருள்: பி0301 என்பதில் ‘பி’ எஞ்சினையும் அதன் விசையைச் சக்கரங்களுக்குச் செலுத்தும் பாகங்களையும், ‘0’ எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறியீடு என்பதையும், ‘3’ தீப்பற்றும் அமைப்பையும், ‘01’ முதலாம் ஸிலிண்டரையும் குறிக்கும். பி0300 எனில், கோளாறு ஒரே ஸிலிண்டரில் நிலைக்காமல் பலவற்றில் மாறி மாறித் தோன்றுகிறது என்று கொள்ள வேண்டும்.

கண்டறியும் விதம்: நான்கு ஸிலிண்டர் எஞ்சினில் கிராங்க் தண்டு 180 பாகை சுழலுந்தோறும் ஒரு ஸிலிண்டர் தண்டை உந்துகிறது, அவ்வுந்தல் தவறினால் தண்டின் வேகம் நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் தளர, தண்டோடு சுழலும் பல்சக்கரத்தைக் கவனிக்கும் சென்ஸார் அத்தளர்ச்சியை எஞ்சினைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டருக்கு அறிவிக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் தீப்பொறியை நேரிற் காண்பதில்லை. வேகத் தளர்ச்சியைக் கொண்டு அனுமானிக்கிறது. ப்ளக், காயில், இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றில் குற்றம் எதனிடத்தது என்பதைக் குறியீடு சொல்லாமைக்குக் காரணம் இதுவே.

சோதனை முறை: பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், பாரம், உஷ்ணம் எவ்வளவு இருந்தன என்னும் குறிப்பை முதலில், குறியீடு படிக்கும் கருவியாகிய ஸ்கேனரிற் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஸிலிண்டருக்கு ஒரு காயிலாக அமைந்த எஞ்சினில், பி0301 கண்டவிடத்து முதலாம் ஸிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாற்றிப் பொருத்தி ஓட்டுகையில் குறியீடு பி0302 ஆனால் குற்றம் காயிலுடையது. பி0301 ஆகவே நீடித்தால் ப்ளக்கையும் பின்னர் இன்ஜெக்டரையும் அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். அவையும் நிரபராதிகளாயின் கம்ப்ரஷன் அளக்கப்படும். அளவு குறைந்த ஸிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில் அழுத்தம் கணிசமாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது என்றும், ஏறாவிடில் வால்வோ ஹெட் காஸ்கெட்டோ கசிகிறது என்றும் ஊகிக்கலாம்.

பி0300 உடன் பி0171 சேர்ந்து வருமாயின், பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று உட்புகுகிறது, அல்லது காற்றுக்குப் போதிய பெட்ரோல் வரவில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு நிறையில் 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தைக் காக்க, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் திருத்தத்தை ஸ்கேனர் சதவீதமாகக் காட்டும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுகையில் மிகுந்திருக்கும் திருத்தம் நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்திற் குறைந்தால் காற்றுக்குழாயில் வெடிப்பையும், பாரம் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் பம்ப்பையும் பில்டரையும் ஐயுறுதல் வேண்டும்.

மீண்டும் மீண்டும் வருதல்: பழுதுற்ற பாகத்தை மாற்றி, அதைப் பழுதாக்கிய காரணத்தை விட்டுவிடுவதே குறியீடு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஏதுவாகிறது. வால்வு மூடியின் காஸ்கெட் கசிந்து ப்ளக் குழியில் ஆயில் தேங்க, காயிலின் ரப்பர் உறை ஊறி உப்பி, மின்சாரம் ப்ளக்கின் முனைக்குச் செல்லாமல் பீங்கான்மேல் கரிய கோடிட்டுப் பக்கவாட்டில் ஒழுகிவிடுகிறது. புதுக் காயில் போட்டால் சில காலம் குணம் தெரியுமேயன்றி, காஸ்கெட்டை மாற்றாதவரை அதுவும் முன்னதன் கதியையே அடையும். குறியீட்டை ஸ்கேனரால் வெறுமனே அழிப்பது, பதிவான குறிப்பையும் உடன் அழித்துவிடுமாதலால், பரிசோதகனுக்கே கேடாம்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் ஓட்டத்தை நீடிக்கலாகாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் எரிந்து, அதன் உட்பாகத்தை உருக்கிவிடக்கூடும். பழுது பார்த்தபின், முன்னர் எழுதிக்கொண்ட அதே வேகத்திலும் பாரத்திலும் உஷ்ணத்திலும் வண்டியை ஓட்டிக் குறியீடு தோன்றாமை கண்ட பிறகே சிகிச்சை முடிந்ததாகக் கொள்ளப்படும்.