ஊசியும் ஊர்ப் பெண்ணும்

மருந்து ஊர் எல்லைக்கு வந்துவிட்டால் மட்டும் குழந்தை பிழைத்துவிடுமா? இதற்கு விடை காண நாம் மராட்டிய மாநிலத்து ஜாம்கெட் வரை செல்ல வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் 1970-ஆம் ஆண்டில் அங்கே பணி தொடங்கினர். வானம் பொய்க்கும் வறண்ட பூமி அது. தட்டம்மை கண்டால் தெய்வக் கோபம் என்று மக்கள் அஞ்சிய காலம். பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் அமர்த்தினர். ஊராரோ அவர்களை அந்நியராகவே கருதினர்.

ஆகவே, அந்தந்த ஊரே தன் பெண் ஒருத்தியைத் தெரிந்தெடுத்து அனுப்பியது. அவர்களுள் பலர் எழுத்தறியாதவர்கள். தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தவர்களும் உண்டு. ஜாம்கெட்டில் கூடிக் கற்றதை அவர்கள் ஊர் திரும்பிச் சொன்னார்கள். எவ்வீட்டில் பிள்ளை பிறந்தது, எப்பிள்ளைக்கு ஊசி தவறியது என்பது அவர்களுக்குத் தெரியும். ஊசிக்குப்பின் காய்ச்சல் கண்டு கலங்கும் தாய்க்கு அண்டை வீட்டுக்காரியின் ஆறுதல் வேறு யாரிடம் கிடைக்கும்? 1979-இல் ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது.

2005-இல் அரசு தொடங்கிய ஊரக சுகாதார இயக்கமும் ‘ஆஷா’ என்னும் ஊர்ப் பெண்களையே நம்பியது. வீடு வீடாகச் சென்ற இத்தகையோர் உழைப்பும் சேர்ந்தே, 2014 மார்ச் 27-இல் இந்தியா இளம்பிள்ளைவாதம் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

அன்பார்ந்த பங்கு மக்களே, மருந்தை அரசு தரும். நம்பிக்கையை அண்டை வீட்டார்தான் தர முடியும். நம் தெருவில் ஒரு தாய் தயங்கி நின்றால், அவளைக் கடிந்துகொள்ளாமல் கூடவே நடந்து செல்வோம்.