ஊதியமில்லாத் தொண்டும் ஓய்வூதியமும்

கூலி பெறாமல் தீயணைக்கும் தொண்டருக்கு ஊரார் ஒன்றும் தருவதில்லை என்று எண்ணுதல் தவறு. பிரிட்டிஷ் குடியேற்ற நாடாயிருந்த நியூயார்க்கில், 1737-ஆம் ஆண்டிலேயே, தீயணைப்போருக்கு ஜூரியாக அமர்வதிலிருந்தும் ஊர்க்காவற் படைப் பயிற்சியிலிருந்தும் சட்டம் விலக்களித்தது. அன்றாடம் உழைத்துண்ணும் கைவினைஞனுக்கு இது காசுக்கு நிகரான சலுகையே. ஊர்க் கணக்கில் மட்டும் அது செலவென்று ஏறவில்லை!

1865-இல் நியூயார்க் நகரம் சம்பளப் படைக்கு மாறியது. சிற்றூர்களிலோ தொண்டர் படைகளே நீடித்தன. பிற்காலத்தில் ஆள் கிடைப்பது அரிதாகவே, 1980-களின் பிற்பகுதியில் அம்மாநிலம் சேவைப் பரிசுத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. பயிற்சி, கூட்டம், தீயணைக்கச் செல்லுதல் ஆகியவற்றால் ஓராண்டில் 50 புள்ளி ஈட்டியவருக்கு அவ்வாண்டு சேவைக் கணக்கில் சேரும். ஆண்டொன்றுக்கு மாதம் 20 டாலர் வீதம் அளிக்கும் ஊரில், 30 ஆண்டு தொண்டாற்றியவர் முதுமையில் மாதம் 600 டாலர் பெறுவார். சம்பளப் படை வைக்கும் செலவை நோக்க இது சிறிதே. எனினும் ஊரார் செலுத்தும் சொத்து வரியே இதற்கு மூலமாதலால், வாக்காளர் இசைவின்றித் திட்டத்தைத் தொடங்க இயலாது.

சிக்கல் முன்சேவையில் இருக்கிறது. திட்டத்துக்கு முந்திய 5 ஆண்டுகள் வரை கணக்கில் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. முடிந்துபோன தொண்டுக்குத் தரும் பரிசு புதிய ஆளை ஈர்க்காது. ஆயினும் நெடுநாள் உழைத்த மூத்தோரை விட்டு நேற்று வந்தவருக்கு மட்டும் பரிசளிக்க எந்த ஊருக்குத்தான் மனம் வரும்? அவ்வாண்டுகளுக்கென எவரும் பணம் ஒதுக்கி வைத்ததில்லை. பத்து மூத்தோருக்கு ஐந்தாண்டு சேர்த்தால், மாதம் 1,000 டாலர் வழங்கும் கடமை முதல் நாளே பிறந்துவிடுகிறது. அதைச் சுமக்கும் வரி செலுத்துவோரில், அந்தத் தீக்கள் அணைக்கப்பட்டபோது அவ்வூரில் வசிக்காதவரும் உண்டு.