பேரேட்டில் பெயரில்லாத பங்கு: பெங்களூருச் சுற்றூர்களின் மாட்டுத்தொழுவம்

மைசூர் அரசின் கால்நடை வரலாறு பெரும்பாலும் எருதுகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சிக்க தேவராஜ உடையார் காலத்தில் 'பெண்ணெ சாவடி' எனப்பட்ட அரண்மனை மந்தை, திப்பு சுல்தான் காலத்தில் 'அம்ருத் மகால்' ஆயிற்று. பெண்ணெ என்பது கன்னடத்தில் வெண்ணெய். பெயர் வெண்ணெயைச் சொன்னாலும், அம்மந்தை மதிக்கப்பட்டது பீரங்கி வண்டி இழுத்த எருதுகளுக்காகவே.

உழவர் வீட்டிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஏர் பூட்டுதல், லாடம் அடிப்பித்தல், சந்தையில் விலை பேசுதல் என ஹள்ளிக்கார் எருது ஆணின் பொறுப்பாக இருந்தது. ஏரிக்கரையிலும் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலமான கோமாளத்திலும் மாடு மேய்த்தோர் பெரும்பாலும் சிறுவர்கள். தொழுவம் கூட்டுவதும் சாணம் அள்ளுவதும் மோர் கடைவதும் பெண்களுக்குரியவை. பால் சொற்பம், வெண்ணெய் விற்ற காசு பலவேளை பெண்ணின் முந்தானை முடிச்சிலேயே தங்கியது.

இப்பங்கீட்டை மாற்றியது நகரத்தின் பால் தேவை. 1965இல் பெங்களூர் பால்பண்ணையை லால் பகதூர் சாஸ்திரி திறந்துவைத்தார். 1969இல் ஹெசரகட்டாவில் டென்மார்க் உதவியுடன் உறைவிந்து நிலையம் அமைந்தது. 1974இல் உலக வங்கிக் கடனுதவியுடன் கூட்டுறவுப் பால் திட்டம் தொடங்கியது. கலப்பினப் பசு கோமாளத்தில் மேய்ந்து திரிவதற்குரியதன்று. அதற்குப் பசும்புல் அறுக்க வேண்டும், கேழ்வரகுத் தட்டு வெட்டிப் போட வேண்டும், நீர் சுமக்க வேண்டும், இருவேளையும் தவறாது கறக்க வேண்டும். மேய்ச்சல் நிலம் சுருங்கியது. சிறுவர்கள் பள்ளிக்குச் சென்றனர். எருதின் இடத்தை டிராக்டர் பிடித்தது. ஆணின் பங்கும் சிறுவரின் பங்கும் குறைந்த அதே காலத்தில் பெண்ணின் பங்கு பெருகிற்று. ஆயினும் சங்க உறுப்பினர் பேரேட்டில் ஏறியது பெரும்பாலும் குடும்பத் தலைவன் பெயர். வெண்ணெய்க் காசு மறைந்து, பால்பணம் அவன் கைக்குச் சென்றது. கூட்டுறவின் வெற்றியைப் பேசும் நூல்கள் இவ்விழப்பை விரைந்து கடந்துவிடுகின்றன.

புள்ளிவிவரமும் துணைநிற்கவில்லை. தேசிய மாதிரி ஆய்வில் வீட்டு வேலையோடு விறகு, மாட்டுத்தீவனம் முதலியவற்றை இலவசமாகச் சேகரிப்போருக்குக் குறியீடு 93. இவர்கள் தொழிலாளர் தொகைக்கு வெளியே நிற்பவர்கள். விற்பனைக்குரிய பசுவைப் பேணுபவள் விதிப்படி குடும்பத் தொழிலின் ஊதியமற்ற உதவியாளராகக் கணக்கில் வரவேண்டும். ஆனால் 'வீட்டு வேலை' என்று அவளோ கணவனோ சொல்லிவிட்டால் எண்ணிக்கை அங்கேயே முடிந்தது. 1977–78 சுற்றில் இத்தகைய பெண்களிடம் கால்நடைப் பராமரிப்பு பற்றித் தனியே வினவப்பட்டது இக்குறையை உணர்ந்ததால்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ குடும்பத் தொழிலில் ஊதியமற்ற உழைப்பை வினாவிலேயே வெளிப்படையாகச் சேர்க்க 1991 வரை காத்திருந்தது.

1986–87இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்டெப் திட்டத்தின்வழி, பெண்கள் மட்டுமே உறுப்பினரான பால் சங்கங்கள் கர்நாடகத்திலும் உருவாயின. பேரேட்டில் பெயர் மாறியது. அவ்வீடுகளில் புல்லறுக்கும் அரிவாள் யார் கைக்கேனும் மாறியதா என்பதை அப்பேரேடுகளைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.