பாழ்பட்ட ஆலைகளின் சரித்திரம்

கோவையிற் பூட்டிக் கிடக்கும் பழைய பஞ்சாலைகளை இளைஞர் சிலர் தேடிச் சென்று படம் பிடித்து வருகின்றனர். அவர்கள் காண்பன செடி முளைத்த சுவரும் துருவேறிய இயந்திரமுமே. அவற்றின் சரித்திரமோ நம் இல்லங்களிலன்றோ உளது!

1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூர் நூற்பு நெசவு ஆலையை ஸ்தாபித்தார். ஜனங்கள் அதனை ‘ஸ்டேன்ஸ் மில்’ என்றே வழங்கினர். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பின்னர் ஆலைகள் பல்கின. நம் குடியானவர் கிணறு இறைத்து விளைவித்த கம்போடியாப் பருத்தி அங்கே நூலாயிற்று; மழை பொய்த்த காலத்து அவர்தம் மக்கள் பலர் அவ்வாலைகளிலேயே கூலிக்கு அமர்ந்தனர். 1974-இல் ஸ்டேன்ஸ் மில் உள்ளிட்ட நலிந்த ஆலைகளை அரசாங்கம் ஏற்றுத் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்புவித்தது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் நின்ற அவை பின்னர் முன்போல் ஓடவில்லை.

நிறுவியவர் பெயர் ஏடுகளில் நிலைபெற்றது; நூற்றவர் பெயரோ எங்கும் எழுதப்பட்டிலது. ஆதலின், நம் சங்கத்துக் குடும்பத்தார் ஒவ்வொருவரும், ஆலையில் உழைத்த தம் முதியோரை அடுத்து, எந்த ஆலை, எந்த இலாகா, என்ன கூலி, எத்தனை ஆண்டு எனக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அம்முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் நலம்.